கோடு நேராக இருந்தால் மட்டும் போதுமா?
வரைபடத்தில் நேர் விகிதத்தைக் கண்டறியும் முறை

உழவர் பெருமக்களின் கைக்கு இன்று வரைபடங்கள் பல வழிகளில் வந்து சேருகின்றன. வயல்விழாவில் நிறுத்தப்படும் காட்சிப் பலகையில் ஒன்று இருக்கும். சொட்டுநீர்க் கருவிகளுடன் தரும் கையேட்டில் ஒன்று இருக்கும். உரக்கடையில் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தில் வண்ண மையில் பெரிதாக ஒன்று இருக்கும். கோடு மேலே ஏறினால் நல்லது, கீழே இறங்கினால் கெட்டது என்ற அளவில் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுவதே பெரும்பாலும் வழக்கம். கோடு ஏறுகிறதா என்பதைவிட, அது எந்த விதமாக ஏறுகிறது என்பதுதான் பணத்தைத் தீர்மானிக்கிறது.

ஏக்கருக்கு மூன்று மூட்டை யூரியா இட்டவர், ஆறு மூட்டை இட்டால் இரண்டு பங்கு நெல் வரும் என்று நம்புவதில்லை. ஆனால், "இன்னும் ஒரு மூட்டை சேர்த்தால் அதற்குத் தக்கபடி கொஞ்சமாவது கூடாதா?" என்று எண்ணுபவர்கள் பலர். "அதற்குத் தக்கபடி" என்ற அந்தச் சொல்லுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒன்றை இரண்டு மடங்கு ஆக்கினால் மற்றதும் இரண்டு மடங்கு ஆகும், மூன்று மடங்கு ஆக்கினால் அதுவும் மூன்று மடங்கு ஆகும் என்பதே அக்கணக்கு. பள்ளிப் புத்தகத்தில் இதை நேர் விகிதம் என்பார்கள். பண்ணையில் சில காரியங்கள் நேர் விகிதத்தில் நடக்கின்றன. பல காரியங்கள் நடப்பதில்லை. எது எந்த வகை என்று கட்டத்தாளில் ஒரு நிமிடத்தில் கண்டுகொள்ளலாம்.

கட்டத்தாளில் முதல் கோடு

வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் ஒரு கட்டத்தாளும் அளவுகோலும் வாங்கிக் கொள்ளுங்கள். தாளின் அடியில் இடமிருந்து வலமாக ஒரு கோடு. இடது ஓரத்தில் கீழிருந்து மேலாக ஒரு கோடு. இரண்டும் சந்திக்கும் மூலைதான் பூஜ்யம். நாம் நம் விருப்பப்படி கூட்டிக் குறைப்பதைப் படுக்கைக் கோட்டிலும், அதனால் விளைவதை நிமிர்ந்த கோட்டிலும் குறிக்க வேண்டும்.

மத்திய கால, நீண்ட கால நெல் ரகங்களுக்கு எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து பொதுப் பரிந்துரையாக உள்ளது. யூரியாவில் தழைச்சத்து 46 சதம். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு 132 கிலோ யூரியா வருகிறது. அதாவது சென்டுக்கு 1.32 கிலோ. (மணிச்சத்தை டி.ஏ.பி. உரமாக இட்டால் அதிலுள்ள தழைச்சத்தைக் கழித்துக் கொள்ள வேண்டும். இங்கே சூப்பர் பாஸ்பேட் இடுவதாகக் கொள்வோம்.) படுக்கைக் கோட்டில் சென்ட், நிமிர்ந்த கோட்டில் யூரியா கிலோ. 25 சென்டுக்கு 33 கிலோ, 50 சென்டுக்கு 66 கிலோ, 75 சென்டுக்கு 99 கிலோ, 100 சென்டுக்கு 132 கிலோ என்று நான்கு புள்ளிகளை வையுங்கள். அளவுகோலை வைத்துப் பார்த்தால் நான்கும் ஒரே கோட்டில் அமைகின்றன. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் பூஜ்ய மூலையில் சரியாகப் போய் முடிகிறது. நிலம் இல்லையென்றால் உரமும் இல்லை, நியாயம்தானே.

நேர் விகிதத்திற்கு இந்த இரண்டு அடையாளங்களும் சேர்ந்தே இருக்க வேண்டும். கோடு நேராக இருக்க வேண்டும். பூஜ்ய மூலை வழியாகவும் செல்ல வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் அது நேர் விகிதம் அன்று. படம் வரையாமலே சோதிக்கவும் வழி உண்டு. ஒவ்வொரு புள்ளியிலும் மேல் அளவைக் கீழ் அளவால் வகுத்துப் பாருங்கள். 33-ஐ 25-ஆல் வகுத்தால் 1.32, 99-ஐ 75-ஆல் வகுத்தாலும் 1.32. எங்கே வகுத்தாலும் ஒரே எண் வந்தால் நேர் விகிதம். அந்த எண்தான் கோட்டின் சாய்வு. 'ஒன்றுக்கு எவ்வளவு' என்று அது சொல்கிறது.

சாய்வு மாறினால் பழைய வாய்ப்பாடு உதவாது. 2018-ம் ஆண்டு முதல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது. பழைய மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து இருந்தது. இப்போதைய மூட்டையில் 20.7 கிலோ. மூட்டைகளைப் படுக்கைக் கோட்டிலும் தழைச்சத்தை நிமிர்ந்த கோட்டிலும் குறித்தால் இரண்டுமே பூஜ்யத்தில் தொடங்கும் நேர்கோடுகள்தாம்; பழைய மூட்டையின் கோடு சற்றுச் செங்குத்தாக நிற்கும். ஏக்கருக்கு வேண்டியது சுமார் 61 கிலோ தழைச்சத்து. இப்போதைய மூன்று மூட்டையில் 62 கிலோ கிடைக்கிறது. பழைய மூட்டையில் மூன்று இட்டபோது 69 கிலோ போய்க் கொண்டிருந்தது. கந்தகம் பூசிய யூரியாவில் தழைச்சத்து 37 சதம் மட்டுமே என்பதால் அதன் கோடு இன்னும் படுத்திருக்கும். மூட்டைக் கணக்கில் பேசும்போது எந்த மூட்டை என்று கேட்டுக் கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.

மழைமானி அளவும் இப்படிப்பட்டதே. ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் பெய்தால் ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர். எக்டருக்கு 10,000 லிட்டர். 10 மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்கு 40,000 லிட்டர். இதுவும் பூஜ்யத்தில் தொடங்கும் நேர்கோடு.

நேராகத்தான் போகிறது, ஆனால் மூலையில் தொடங்கவில்லை

சாக்கோடு சேர்த்து நெல்லை நிறுத்துப் பாருங்கள். சாக்கு 600 கிராம் என்று வைப்போம். நெல்லே போடாதபோதும் தராசு 600 கிராம் காட்டும். 20 கிலோ நெல்லுக்கு 20.6, 40 கிலோ நெல்லுக்கு 40.6. கோடு நேராக இருக்கிறது. ஆனால் மூலைக்குச் சற்று மேலே தொடங்குகிறது. சாக்கு எடையைக் கழிக்காமல் பாதி மூட்டை விலையை இரட்டித்து முழு மூட்டைக்குக் கணக்குப் போட்டால் யாரோ ஒருவருக்கு நட்டம்.

சாக்கு விஷயம் சிறியது. கதிர் அறுவடை இயந்திர வாடகையில் இதே சங்கதி பெரிதாகிறது. இயந்திரம் ஊருக்கு வந்து சேர 1,000 ரூபாய், அதன் பின் மணிக்கு 2,500 ரூபாய் என்று பேசியிருப்பதாக ஒரு மாதிரிக் கணக்கு வைத்துக் கொள்வோம். 1 மணி நேரத்திற்கு 3,500. 2 மணிக்கு 6,000. 4 மணிக்கு 11,000. கட்டத்தாளில் நேர்கோடுதான் வரும். ஆனால் கோடு 1,000 ரூபாயில் தொடங்கும். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 3,500, 3,000, 2,750 என்று எண் மாறிக் கொண்டே போகிறது. இரண்டு மணி வேலை உள்ள இருவர் தனித்தனியே அழைத்தால் சேர்ந்து கொடுப்பது 12,000 ரூபாய். ஒரே நாளில் சேர்ந்து அழைத்தால் 11,000. கோடு மூலைக்கு மேலே தொடங்கும் எல்லா வாடகையிலும் சிறு நிலத்துக்காரருக்குத்தான் பாரம் அதிகம். வரப்பு ஒட்டியவர்கள் கூடிப் பேசினால் அந்தப் பாரம் பங்காகிவிடும்.

மண் பரிசோதனை செய்து 'இலக்கு மகசூல்' முறையில் உரம் இடுவோருக்கும் இதே பாடம் வருகிறது. இம்முறைக்கு நம் நாட்டில் 1967-ல் ராமமூர்த்தியும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் வழி வகுத்தார்கள். எவ்வளவு விளைச்சல் வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதற்குத் தேவையான சத்தில் மண் தருவதைக் கழித்து, மீதியை உரமாக இடுவது இதன் அடிப்படை. விளங்குவதற்காக ஒரு மாதிரி: குவிண்டாலுக்கு 4 கிலோ தழைச்சத்து தேவை, மண்ணின் பங்காகக் கழிப்பது 120 கிலோ என்க. எக்டருக்கு 50 குவிண்டால் இலக்கு வைத்தால் 200-ல் 120 போக 80 கிலோ இட வேண்டும். 60 குவிண்டாலுக்கு 120 கிலோ. இலக்கு ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. உரமோ ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது! கோட்டைக் கீழ்நோக்கி நீட்டினால் அது மூலைக்குப் போகாமல் 30 குவிண்டாலில் தரையைத் தொடுகிறது. உரமே இல்லாமல் அந்த மண் தரக்கூடிய விளைச்சல் அது. இலக்கை உயர்த்தும் ஒவ்வொரு குவிண்டாலுக்கும் மண்ணிலிருந்து கூடுதலாக ஒன்றும் வராது. முழுவதும் உரத்தால் வர வேண்டும். இந்தக் கோடும் ரகத்தின் திறனுக்கு உட்பட்ட எல்லை வரைதான் செல்லும். நிலத்திற்கு உரிய சரியான எண்களை மண் பரிசோதனை நிலையத்தில் பெற வேண்டும். இங்கே சொன்னவை கணக்குக்கு மட்டுமே.

பண்ணைக்குட்டை வெட்டியவர்கள் வேறொரு கோட்டைக் கண்டிருப்பார்கள். மழை ஏக்கரில் விழும் அளவு பூஜ்யத்தில் தொடங்குகிறது என்றோம். குட்டைக்கு வந்து சேரும் தண்ணீர் அப்படி இல்லை. காய்ந்த நிலத்தில் முதலில் பெய்வதை மண்ணே குடித்துவிடும். மண் நனைந்த பிறகுதான் வழிந்தோடும். ஆகவே இந்தக் கோடு மூலைக்கு வலப்புறம் தள்ளித் தொடங்கும். 20 மில்லிமீட்டர் மழையில் குட்டைக்கு ஒன்றும் வரவில்லை என்பதால் 60 மில்லிமீட்டரிலும் வராது என்று எண்ணிவிட வேண்டாம்.

பங்குக் கிணற்றில் மணிக்கணக்கு

இனிச் சொல்லப் போவது பல ஊர்களில் மனக்கசப்புக்குக் காரணமாக இருப்பது. ஒரு கிணற்றில் இருவருக்குப் பாதிப் பாதிப் பங்கு. ஆறு மணி நேரம் மும்முனை மின்சாரம் வருகிறது. முதல் மூன்று மணி நேரம் அண்ணனுக்கு, அடுத்த மூன்று மணி நேரம் தம்பிக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். மணியைச் சமமாகப் பிரித்தால் தண்ணீரும் சமமாகப் பிரிந்துவிட்டது என்பது இருவருடைய எண்ணம். அதாவது நேரமும் தண்ணீரும் நேர் விகிதத்தில் இருப்பதாக அவர்கள் வைத்துக் கொள்கிறார்கள். தம்பி வயல் கடைசிப் பாத்தி மட்டும் எப்போதும் நனைவதில்லை. வாய்க்கால் சரியில்லை, மடை சரியில்லை, எலி வளை இருக்கிறது என்று காரணம் தேடுகிறார்கள்.

இதைச் சோதிக்க 200 லிட்டர் பீப்பாய் ஒன்றும், விநாடி காட்டும் கடிகாரம் அல்லது கைப்பேசியும் போதும். நீரேற்றுக் குழாயின் வாயில் பீப்பாயை வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். பம்பு ஓடத் தொடங்கிய உடனே ஒரு முறை, பின்னர் இரண்டு மணிக்கு ஒரு முறை. திறந்த கிணற்றில் கிடைக்கக்கூடிய அளவுகளுக்கு ஒரு மாதிரி இதோ: தொடக்கத்தில் 25 விநாடி, 2 மணி நேரம் கழித்து 32 விநாடி, 4 மணி நேரம் கழித்து 40 விநாடி, 6 மணி நேரம் கழித்து 50 விநாடி.

200-ஐ விநாடியால் வகுத்தால், விநாடிக்கு 8 லிட்டரில் தொடங்கிய பம்பு 6.25, 5 என்று குறைந்து 4 லிட்டரில் முடிகிறது. கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க, பம்பு அதிக உயரத்திற்கு நீரைத் தூக்க வேண்டியுள்ளது. அதே குதிரைத்திறனில் அதிக உயரம் தூக்கினால் வரும் தண்ணீர் குறையத்தான் செய்யும். பாறைப்பாங்கான பூமியில், ஊற்று மெதுவாகச் சுரக்கும் கிணறுகளில் இது தெளிவாகத் தெரியும்.

இப்போது ஒவ்வொரு இரண்டு மணி நேரத்திற்கும் சராசரி எடுத்து, 7,200 விநாடியால் பெருக்குங்கள். முதல் இரண்டு மணியில் 51,300 லிட்டர். அடுத்த இரண்டில் 40,500. கடைசி இரண்டில் 32,400. இவற்றைக் கூட்டிக் கொண்டே போய்க் கட்டத்தாளில் வையுங்கள்: 2 மணிக்கு நேரே 51,300, 4 மணிக்கு நேரே 91,800, 6 மணிக்கு நேரே 1,24,200. மூலையிலிருந்து கிளம்புகிறது, உண்மைதான். மின்சாரம் வராமல் தண்ணீர் ஏது? ஆனால் அளவுகோலை மூலையிலும் கடைசிப் புள்ளியிலும் வைத்துப் பார்த்தால், நடுவில் உள்ள புள்ளிகள் அளவுகோலுக்கு மேலே நிற்கின்றன. கோடு வில் போல் வளைந்திருக்கிறது. பூஜ்யத்தில் தொடங்கினாலும் இது நேர் விகிதம் அன்று.

மூன்றாவது மணிக்கு நேரே கோட்டில் படித்தால் சுமார் 72,700 லிட்டர் வரும். இது அண்ணன் பங்கு. தம்பிக்குக் கிடைப்பது மீதி 51,500. தினமும் 21,000 லிட்டர் வித்தியாசம்! ஓர் ஏக்கரில் 5 மில்லிமீட்டர் மழைக்குச் சமமான தண்ணீர் இது. எலி வளையை அடைத்து இதைச் சரிசெய்ய முடியாது.

சரிசெய்யும் வழி எளிது. ஒரு நாள் அண்ணன் முதலில், மறுநாள் தம்பி முதலில் என்று முறையை மாற்றி மாற்றி வைத்தால் இரண்டு நாளில் கணக்கு சமமாகிவிடும். நிரந்தரமாக ஒருவரே முதலில் இறைக்க வேண்டிய நிலை இருந்தால் மணியைச் சமமாகப் பிரிக்காமல், கட்டத்தாளில் மொத்தத் தண்ணீரின் பாதியான 62,100 லிட்டர் எந்த நேரத்தில் வருகிறது என்று படித்துப் பிரிக்கலாம். இந்த மாதிரியில் அது சுமார் 2 மணி 30 நிமிடத்தில் வருகிறது. முதலில் இறைப்பவருக்கு இரண்டரை மணி, அடுத்தவருக்கு மூன்றரை மணி. இரு வீட்டாரும் கூட இருந்து பீப்பாயில் அளந்த கணக்கு என்றால் ஊர்ப் பெரியவர்களிடம் போக வேண்டிய அவசியம் இராது. பருவத்திற்குப் பருவம் ஊற்று மாறும். ஆகவே மழைக்காலத்தில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் அளப்பது நல்லது.

பண்ணைக்குட்டையின் ஆழத்திற்கும் கொள்ளளவிற்கும் உள்ள கோடு இதற்கு மாறாக மேல்நோக்கி வளையும். அடியில் 10 மீட்டர் சதுரம், ஆழம் 2 மீட்டர், ஒரு மீட்டர் ஆழத்திற்கு ஒரு மீட்டர் சரிவு என்று வெட்டிய குட்டை நிரம்பினால் சுமார் 2,90,000 லிட்டர் கொள்ளும். தண்ணீர் பாதி ஆழத்தில் நின்றால் பாதி இருக்கிறது என்று எண்ணக் கூடாது. 1,21,000 லிட்டர்தான் இருக்கும். கரை சரிவாக இருப்பதால் கீழே குறுகல், மேலே அகலம். கடைசி நீர்ப் பாய்ச்சலுக்கு இதை நம்பியிருப்பவர்கள் ஓர் அளவுக்கோலை நட்டு, ஆழத்திற்கு எதிரே லிட்டரையே எழுதி வைத்துக் கொள்ளலாம்.

நான்காவது மூட்டை

மீண்டும் யூரியாவுக்கு வருவோம். நிலத்திற்கும் உரத்திற்கும் உள்ள உறவு நேர் விகிதம் என்று பார்த்தோம். உரத்திற்கும் விளைச்சலுக்கும் உள்ள உறவு முற்றிலும் வேறானது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் மூட்டைகள் கூடிக்கொண்டே போகின்றன.

ஒரு நெல் வயலில் ஏக்கருக்கு யூரியா மூட்டைகளைக் கூட்டிக் கொண்டே போனால் வரக்கூடிய விளைச்சலுக்கு ஒரு மாதிரி வரிசை: யூரியா இடாதபோது 1,200 கிலோ நெல்; ஒரு மூட்டைக்கு 1,700; இரண்டுக்கு 2,020; மூன்றுக்கு 2,180; நான்குக்கும் 2,180; ஐந்துக்கு 2,060. இதைக் கட்டத்தாளில் வைத்தால் கோடு மூலையிலும் தொடங்கவில்லை, நேராகவும் இல்லை. இரண்டு அடையாளங்களும் இல்லை. முதல் மூட்டை 500 கிலோ கூட்டியது. இரண்டாவது 320. மூன்றாவது 160. நான்காவது மூட்டை ஒன்றும் கூட்டவில்லை. ஐந்தாவது மூட்டை 120 கிலோவைப் பறித்துக் கொண்டது.

முதல் இரண்டு புள்ளிகளை மட்டும் பார்த்தவர் என்ன நினைப்பார்? மூட்டைக்கு 500 கிலோ என்று கோட்டை நீட்டி, ஐந்து மூட்டைக்கு 3,700 கிலோ என்று கணக்குப் போடுவார். இரண்டு புள்ளிகள் வழியாக எப்போதும் ஒரு நேர்கோடு போட்டுவிடலாம். அதனால் இரண்டு புள்ளிகள் எதையும் நிரூபிப்பதில்லை. குறைந்தது நான்கு புள்ளிகளாவது இருந்தால்தான் கோட்டின் குணம் தெரியும்.

இந்த வளைவை ஜெர்மன் மண்ணியல் அறிஞர் மிட்சர்லிக் 1909-ம் ஆண்டிலேயே கணக்கு வடிவில் சொன்னார். பயிர் தன் உச்ச விளைச்சலை நெருங்க நெருங்க, ஒவ்வொரு கூடுதல் அளவு சத்தும் தரும் பலன் குறைந்து கொண்டே போகும் என்பது அவர் கண்ட விதி. தழைச்சத்து போதிய அளவு கிடைத்த பிறகு, தண்ணீர், வெயில், மணிச்சத்து, சாம்பல் சத்து, துத்தநாகம் என்று வேறொன்று பயிருக்குத் தடையாக நிற்கிறது. தழைச்சத்தை மேலும் கூட்டுவதால் அத்தடை நீங்காது. அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்து தாளை மிருதுவாக்கிப் பயிரைச் சாய வைக்கிறது. இலை அடர்ந்து கருத்து, புகையானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குலைநோய்க்கும் இடம் கொடுக்கிறது. வளைவு கீழே திரும்புவதற்கு இவையே காரணம். யூரியா மானிய விலையில் கிடைப்பதால் நான்காவது மூட்டையின் விலை பெரிதாகத் தெரியாது. அதைத் தொடர்ந்து வரும் மருந்துச் செலவும் தெளிக்கும் கூலியும்தான் உண்மையான விலை.

நாற்று நடவிலும் இதைக் காணலாம். 20-க்கு 10 செ.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்கு 50 குத்துகள். திருந்திய நெல் சாகுபடியில் 25-க்கு 25 செ.மீ. இடைவெளியில் 16 குத்துகள். குத்துகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தும் விளைச்சல் மூன்றில் ஒரு பங்காகக் குறைவதில்லை. இடம் கிடைத்த குத்து தூர் கட்டி ஈடு செய்கிறது.

படம் பார்ப்பவரை ஏமாற்றும் இடங்கள்

பிரசுரத்தில் உள்ள படத்தைப் பார்க்கும்போது கோட்டை முதலில் பார்க்காதீர்கள். ஓரத்தில் உள்ள எண்களைப் பாருங்கள். நிமிர்ந்த கோடு எந்த எண்ணில் தொடங்குகிறது? வளர்ச்சி ஊக்கி ஒன்றைத் தெளிக்காத வயலில் எக்டருக்கு 48 குவிண்டால், தெளித்த வயலில் 50 குவிண்டால் என்று வைப்போம். பூஜ்யத்திலிருந்து வரைந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். அடியை 46-ல் தொடங்கி வரைந்தால் ஒன்று 2 கட்டம், மற்றது 4 கட்டம். தெளித்த வயல் இரண்டு மடங்கு விளைந்தது போலக் கண்ணுக்குத் தோன்றும். எண்ணில் பொய் இல்லை, அடி வெட்டப்பட்டிருக்கிறது. பூஜ்யம் இல்லாத படத்தில் மூலையைப் பார்த்து நேர் விகிதம் என்று சொல்லவே முடியாது.

இன்னொன்று சற்று நுட்பமானது. படுக்கைக் கோட்டில் 25, 50, 100, 200 கிலோ என்று எண்கள் இருக்கும். ஆனால் அவற்றுக்கு இடையே உள்ள தூரம் ஒரே அளவாக இருக்கும். 25-க்கும் 50-க்கும் நடுவே விட்ட இடத்தையே 100-க்கும் 200-க்கும் நடுவிலும் விட்டால், வளைந்து படுக்க வேண்டிய கோடு நேராக நிமிர்ந்து நிற்கும். எண்களைச் சரியான தூரத்தில் வைத்து மீண்டும் ஒரு முறை வரைந்து பாருங்கள். வளைவு தானே வெளியே வரும்.

உங்கள் வயலுக்கு உரிய கோடு

மேலே தந்த விளைச்சல் எண்கள் மாதிரிக்கே. உங்கள் மண்ணில் கோடு எங்கே வளைகிறது என்பதை உங்கள் வயல்தான் சொல்ல முடியும். அடுத்த பட்டத்தில், ஒரே சீராக உள்ள நிலத்தில், ஐந்து ஐந்து சென்டாக நான்கு பாத்திகளைப் பிரியுங்கள். ஒரு பாத்தியின் தண்ணீர் அடுத்ததற்குப் போனால் யூரியாவும் உடன் போய்விடும். ஆகவே இடை வரப்பை நன்றாக அணைத்து, ஒவ்வொன்றிற்கும் வாய்க்காலிலிருந்து தனி மடை வைக்க வேண்டும். ரகம், நாற்றின் வயது, இடைவெளி, களையெடுப்பு எல்லாம் ஒன்றுபோல் இருக்கட்டும். மணிச்சத்தைச் சூப்பர் பாஸ்பேட்டாகவும், சாம்பல் சத்தைப் பொட்டாஷாகவும் நான்கிற்கும் பரிந்துரைப்படி சமமாக இடுங்கள்.

முதல் பாத்திக்கு யூரியா வேண்டாம். இரண்டாவதற்குப் பாதி அளவாக 3.3 கிலோ, மூன்றாவதற்கு முழு அளவாக 6.6 கிலோ, நான்காவதற்கு ஒன்றரை மடங்காக 9.9 கிலோ. இவற்றை அடியுரமாகவும், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் ஆகியவற்றில் மேலுரமாகவும் நான்கு சம பங்காகப் பிரித்து இட வேண்டும். முழு அளவுப் பாத்திக்கு ஒரு தடவைக்கு 1 கிலோ 650 கிராம் வரும். கைக்கணக்காக அள்ளாமல் தராசில் நிறுத்துப் போடுவது அவசியம்.

யூரியா இடாத பாத்தியில் பயிர் வெளிறி நிற்பதைக் கண்டு வீட்டில் உள்ளவர்கள் குறை சொல்லக்கூடும். நம் மாதிரிக் கணக்குப்படி அந்த ஐந்து சென்டில் 50 கிலோ நெல் வரை குறையலாம். மற்ற மூன்று புள்ளிகளும் எந்த இடத்திலிருந்து கிளம்புகின்றன என்பதை அந்தப் பாத்தி ஒன்றே காட்டும் என்பதால் அதற்கு இரக்கப்பட்டு ஒரு பிடி தூவிவிடக் கூடாது. எந்தப் பாத்தியில் பயிர் சாய்ந்தது, எதில் பூச்சி முதலில் வந்தது, எதற்கு எத்தனை தடவை மருந்து தெளித்தீர்கள் என்பதையும் நாள் போட்டு எழுதி வாருங்கள்.

அறுவடையின்போது நான்கையும் தனித்தனியே அடித்து, ஒரே நாளில் ஒரே அளவு காய வைத்து, சாக்கின் எடையைக் கழித்து நிறுத்து, 20-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும். நான்கு புள்ளிகளையும் கட்டத்தாளில் வைத்து, கையால் மெல்ல இணையுங்கள். பாதிக்கும் முழுமைக்கும் இடையே கோடு ஏறும் அளவையும், முழுமைக்கும் ஒன்றரைக்கும் இடையே ஏறும் அளவையும் கட்டங்களை எண்ணி ஒப்பிட்டு, அந்தக் கூடுதல் நெல்லின் விலையையும் கூடுதலாக இட்ட யூரியா, மருந்து, கூலி ஆகியவற்றின் செலவையும் தாளின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். மண் மாதிரி எடுத்துக் கொண்டு வேளாண்மை அறிவியல் நிலையத்திற்கு வரும்போது அந்தத் தாளையும் கொண்டு வந்தால், அடுத்த பட்டத்திற்கான அளவை அதை வைத்தே பேசி முடிவு செய்யலாம்.